நாணயச் சேகரிப்புக்கு வீட்டுப் பெட்டகம்: பட்டியல் போடுவது முதல் பராமரிப்பு வரை

சேகரிப்பு சிறியதாக இருக்கும்வரை பீரோ லாக்கரே போதும். விக்டோரியா ராணி ரூபாய்கள் ஒரு வரிசை சேர்ந்து, இராசராசன் செப்புக்காசுகள் வந்து, ஒன்றிரண்டு விசயநகர வராகன்களும் கைக்கு வந்தபிறகுதான் பெட்டகம் வாங்கும் யோசனை வருகிறது. உடனே பலரும் ஆன்லைனில் எலக்ட்ரானிக் பெட்டி ஒன்றை வாங்கி அலமாரித் தட்டில் வைத்துவிடுகிறார்கள். பணத்தையும் பத்திரத்தையும் மனத்தில் வைத்துச் செய்த பெட்டி அது. நாணயத்தின் தேவைகள் வேறு.

நகை கறுத்தால் ஆசாரியிடம் கொடுத்து மெருகு போட்டு வாங்கிவிடலாம். பழைய காசுக்கு மெருகு போட்டால் அதன் விலையே போய்விடும். மேற்பரப்பு ஒருமுறை அரித்தால் அரித்ததுதான். திருட்டையும் தீயையும் தடுத்துவிட்டு, உள்ளே வைத்த செப்புக்காசைப் பச்சைப் பொடியாக்கும் பெட்டகத்தால் சேகரிப்பாளருக்குப் பயனில்லை. எனவே இந்த வழிகாட்டியில் ஈரம் பற்றிய பகுதிக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். பெட்டகம் விற்கும் கடைகளில் யாரும் பேசாத விஷயமும் அதுதான்.

முதல் படி: பட்டியலும் அளவும்

கடைக்குப் போவதற்கு முன் சேகரிப்பு முழுவதையும் மேசையில் பரப்பிப் பட்டியல் எழுதுங்கள். ஒவ்வொரு காசுக்கும் இருபுறமும் ஒரு படம், நூறில் ஒரு பங்கு கிராம் வரை காட்டும் தராசில் எடை, உலோகம், வாங்கிய இடம், வாங்கிய விலை. பில் இருந்தால் அதையும் படமெடுத்து வையுங்கள். இந்தப் பட்டியல் பெட்டகத்தின் அளவைத் தீர்மானிக்கும். பின்னால் காப்பீட்டுக்கும் காவல்துறைப் புகாருக்கும் கைகொடுக்கும்.

பொதுவாக எல்லோரும் எடையைத்தான் நினைக்கிறார்கள். பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாய் ஒன்று ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். ஐந்நூறு ரூபாய்கள் சேர்ந்தாலும் ஆறு கிலோவைத் தொடாது. ஆனால் இடம் வேகமாகத் தீர்ந்துவிடும். தரச்சான்று நிறுவனங்கள் காசை உள்ளே வைத்து அடைத்துத் தரும் பிளாஸ்டிக் பெட்டியான ஸ்லாப் ஒன்று ஏறக்குறைய எட்டரை சென்டிமீட்டர் நீளமும் ஆறு சென்டிமீட்டர் அகலமும் இருக்கும். அதற்குள் இருப்பது ‘பணம்’ என்னும் நகக்கண் அளவுப் பழங்காசாக இருந்தாலும் ஸ்லாப் அதே அளவுதான். வளையம் போட்ட ஆல்பங்கள் சிறிய பெட்டகங்களில் நுழையவே மாட்டா.

ஆகவே உங்களிடம் உள்ள பெரிய ஆல்பத்தையும் டப்பாவையும் அளந்து, பெட்டகத்தின் உள்ளளவோடு ஒப்பிடுங்கள். சுவர் தடித்த நல்ல பெட்டகத்தில் வெளியளவுக்கும் உள்ளளவுக்கும் ஒவ்வொரு பக்கமும் பல சென்டிமீட்டர் வித்தியாசம் இருக்கும். இன்றைய தேவையைப் போல இரண்டு மடங்கு இடம் இருக்கட்டும். சேகரிப்பாளர் யாரும் சேகரிப்பதை நிறுத்துவதில்லை.

எது வீட்டில், எது வங்கியில்

எல்லாவற்றையும் வீட்டில் வைக்க வேண்டியதில்லை. அடிக்கடி எடுத்துப் பார்த்து ஆராயும் காசுகள் வீட்டில் இருக்கட்டும். 1939-ம் ஆண்டு ஜார்ஜ் மன்னர் ரூபாய் போன்ற அரிய காசு, பொன் வராகன் ஆகியவற்றுக்கு வங்கி லாக்கரே ஏற்ற இடம்.

வங்கியிலும் ஒரு வரம்பு உண்டு. 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிகளின்படி தீ, திருட்டு, கொள்ளை, கட்டட இடிபாடு, ஊழியர் மோசடி ஆகியவற்றால் லாக்கரில் இழப்பு ஏற்பட்டால் வங்கியின் பொறுப்பு லாக்கரின் ஆண்டு வாடகையைப் போல நூறு மடங்கோடு முடிந்துவிடும். ஆண்டு வாடகை 3,000 ரூபாய் என்றால் அதிகபட்சம் 3 லட்சம். வெள்ளம், நிலநடுக்கம் போன்ற இயற்கைச் சீற்றத்துக்கு, வங்கியின் அலட்சியம் இல்லாதவரை, பொறுப்பே இல்லை. லாக்கருக்குள் இருப்பதற்கு வங்கி காப்பீடு எடுப்பதும் இல்லை.

இரண்டாம் படி: திருட்டுக்கு எதிரான பலம்

விலை குறைந்த பெட்டிகள் பெரும்பாலும் உடல் இரண்டு மில்லிமீட்டர் தகடு, கதவு நான்கு மில்லிமீட்டர் என்ற கணக்கில் வருகின்றன. எடை பத்துப் பதினைந்து கிலோ. திருடன் இதைத் திறக்க மெனக்கெட வேண்டியதில்லை, கையோடு தூக்கிக்கொண்டு போய்விடலாம். தூக்க முடியாதபடி பொருத்தியிருந்தாலும் கடப்பாரைக்கு அந்தத் தகடு தாங்காது. வேலையாள் கண்ணில் படாமல் பூட்டி வைக்க அது உதவும், அவ்வளவுதான்.

உண்மையான பெட்டகத்தை அடையாளம் காண அதன் தரச்சான்றுத் தகட்டைக் கேளுங்கள். கதவின் உட்புறத்தில் உலோகத் தகடாகப் பதித்திருப்பார்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பெட்டகங்களுக்கான தரநிலை ஐ.எஸ். 550. ஐரோப்பியத் தரநிலை இ.என். 1143-1; அதில் 0, 1, 2 என்று நிலைகள் ஏறும். அமெரிக்க முறையில் வீட்டு உபயோகப் பெட்டிக்கு ஆர்.எஸ்.சி., அதற்கு மேலே டி.எல்.-15, டி.எல்.-30. அந்த 15, 30 என்பவை நிமிடங்கள். சோதனை செய்பவர்களின் கருவி கதவின்மேல் உண்மையில் வேலை செய்யும் நேரத்தை மட்டும் சேர்த்த கணக்கு அது; ஓய்வெடுத்த நேரமும் கருவி மாற்றிய நேரமும் அதில் சேரா. ஆர்.எஸ்.சி.-யின் அடிப்படை நிலையில் இந்த நேரம் ஐந்து நிமிடம்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

‘திருட்டுத் தடுப்பு’, ‘கனரக எஃகு’ என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருப்பது சான்று ஆகாது. தகடு இல்லாவிட்டால் அந்தப் பெட்டியை வெறும் இரும்பாகவே மதிப்பிடுங்கள்: கதவு எத்தனை மில்லிமீட்டர், உடல் எத்தனை, இரண்டு தகடுகளுக்கு நடுவே கான்கிரீட் நிரப்பியிருக்கிறதா, தாழ்க்கம்பிகள் ஒரு பக்கம் மட்டும் நீள்கின்றனவா, பல பக்கமும் நீள்கின்றனவா, பூட்டை உடைத்தால் தானாக விழும் இரண்டாவது தாழ் உண்டா. கீல் வெளியே தெரிவது குறையில்லை. கீல் பக்கமும் கதவைப் பிடித்துக்கொள்ளும் நிலைக்கம்பி இருந்தால் கீலை அறுத்தாலும் கதவு வராது.

எவ்வளவு செலவு செய்வது? வீட்டில் வைக்கப்போகும் காசுகளின் மதிப்பில் பத்தில் ஒரு பங்கு வரை பெட்டகத்துக்கு ஒதுக்குவது நியாயம் என்பது என் கருத்து. பெட்டகம் ஒருமுறை வாங்குவது. அதில் மிச்சம் பிடிப்பதைவிட ஒரு காசு குறைத்து வாங்கலாம்.

மூன்றாம் படி: தீ

இங்கேதான் கடைக்காரர் சொல்வதையும் நாணயத்தின் தேவையையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

தீத்தடுப்புப் பெட்டகத்தின் சுவருக்குள் ஜிப்சம் அல்லது கான்கிரீட் போன்ற, நீரைத் தன்னுள் பிணைத்து வைத்திருக்கும் பொருள் இருக்கிறது. வெப்பம் ஏறும்போது அந்த நீர் ஆவியாகி வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. காகிதத்துக்கான ஒரு மணி நேரத் தரச்சோதனையில் உலையின் வெப்பம் 927 டிகிரி வரை உயரும். பெட்டகத்தின் உள்ளே 177 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. காகிதம் கருகாமல் இருக்க இது போதும்.

நாணயத்துக்கு? வெள்ளி உருக 961 டிகிரி, பொன்னுக்கு 1064, செம்புக்கு 1085 வேண்டும். ஈயம் மட்டும் 327 டிகிரியிலேயே உருகிவிடும். தரங்கம்பாடியில் டேனியர் வெளியிட்ட ஈயக் காசுகளை வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மற்ற உலோகங்கள் சாதாரண வீட்டுத் தீயில் உருகிவிடும் வாய்ப்பு குறைவு. ஆனால் காசைச் சுற்றியுள்ள கேப்ஸ்யூல் என்னும் பிளாஸ்டிக் கூடும் ஸ்லாப்பும் பெரும்பாலும் பாலிஸ்டைரீன் அல்லது அக்ரிலிக். இவை 100 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கும். அதாவது காகிதம் பிழைக்கும் பெட்டகத்திலும் கேப்ஸ்யூல் வளைந்து காசில் ஒட்டிக்கொள்ளலாம். கூடவே சுவரிலிருந்து வரும் நீராவி உள்ளே நிறைந்திருக்கும்.

தீ பிடிக்காத நாட்களிலும் இந்தச் சுவர்ப்பொருளிலிருந்து சிறிதளவு ஈரம் உள்ளே கசிந்துகொண்டே இருக்கும். தீத்தடுப்புப் பெட்டிக்குள் வைத்த காகிதங்கள் நமத்துப்போவதைப் பலர் பார்த்திருப்பார்கள். மெல்லிய தகட்டில் செய்து, தீத்தடுப்பை மட்டும் சொல்லி விற்கும் மலிவுப் பெட்டி நாணயத்துக்கு இரண்டு வகையிலும் நஷ்டம்: திருட்டைத் தாங்காது, ஈரத்தையும் கொண்டுவரும்.

கான்கிரீட் கூரையும் டைல்ஸ் தரையும் உள்ள நம் ஊர் வீடுகளில் மரவீடுகளைப் போல மொத்த வீடும் எரிந்து சாம்பலாவது அபூர்வம். சமையல் எரிவாயுவும் மின்கசிவும் ஆபத்துதான், மறுக்கவில்லை. ஆயினும் திருட்டுத் தடுப்புச் சான்று முதலில், தீத்தடுப்பு அடுத்து என்பதே நாணயச் சேகரிப்புக்கு என் வரிசை. இரண்டு சான்றும் உள்ள பெட்டகம் வாங்க வசதி இருந்தால் ஒரு மணி நேரத் தீத்தடுப்பு போதும்.

நான்காம் படி: பூட்டு

மலிவான எலக்ட்ரானிக் பெட்டிகளில் தாழைப் பிடித்து வைப்பது சிறிய மின்காந்த முள் ஒன்று. பெட்டியை ஓங்கித் தட்டிக்கொண்டே கைப்பிடியைத் திருப்பினால் சிலவற்றில் அந்த முள் துள்ளி, கதவு திறந்துகொள்ளும். வலுவான காந்தத்துக்கு இணங்கும் பெட்டிகளும் உண்டு. எண் பலகைக்கு அருகே பிளாஸ்டிக் மூடியை நெம்பிப் பாருங்கள்; அவசரச் சாவித் துளை இருக்கும். எண் பூட்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்தத் துளையில் உள்ள பூட்டின் தரம்தான் பெட்டியின் தரம். இவ்வகைப் பெட்டி ஏற்கெனவே இருந்தால் தொழிற்சாலை எண்களை இன்றே மாற்றுங்கள். பயனாளர் எண்ணோடு சேர்த்து முதன்மை எண்ணையும் மாற்ற வேண்டும், அதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

விரல்ரேகைப் பூட்டை நான் பரிந்துரைப்பதில்லை. விரல் தேய்ந்தவர்களுக்கும் வயதானவர்களுக்கும் அது அடிக்கடி மறுக்கிறது. நல்ல சாவிப் பூட்டும் எண் பூட்டும் சேர்ந்து, இரண்டும் போட்டால்தான் திறக்கும் பெட்டகம் கிடைத்தால் அதுவே சிறந்தது. சாவியைப் பீரோவில் சேலை மடிப்புக்குள் வைக்காதீர்கள். திருடன் முதலில் தேடும் இடம் அது.

ஐந்தாம் படி: இடமும் பொருத்துதலும்

நூறு கிலோ பெட்டகத்தையும் இரண்டு பேர் தள்ளுவண்டியில் நகர்த்திவிடலாம். ஐரோப்பியத் தரநிலையில் ஆயிரம் கிலோவுக்குக் குறைந்த பெட்டகத்துக்குத் தரையில் பிணைக்கும் துளை கட்டாயம். நம் வீட்டுக்கு வருகிற எல்லாப் பெட்டகமும் அந்த எடைக்குக் கீழேதான். ஆகவே ஆங்கர் போல்ட் இல்லாமல் வேலை முடிவதில்லை.

கான்கிரீட் தரையில் பிணைப்பதே உறுதி. ஏ.ஏ.சி. என்னும் இலேசான கான்கிரீட் கட்டிகளிலும் துளையுள்ள செங்கல்லிலும் போல்ட் பிடிக்காது, பிடித்தாலும் நெம்பினால் வந்துவிடும். அடுக்ககத்தில் தளத்தின் தடிமன் குறைவு. துளையிடுமுன் மின்குழாயும் தண்ணீர்க்குழாயும் எங்கே ஓடுகின்றன என்று கட்டட வரைபடத்தில் பாருங்கள். குடியிருப்பு அறைகளின் தளம் நம் தரநிலைப்படி சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ சுமைக்கு வடிவமைக்கப்படுகிறது. முந்நூறு கிலோ பெட்டகம் என்றால் அறையின் நடுவில் வைக்காமல் உத்தரத்துக்கு மேலே, சுவர் மூலையில் வைக்க ஒரு பொறியாளரைக் கேட்டுவிடுவது நல்லது.

குளியலறைச் சுவர், மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவர், சமையலறை மூன்றையும் தவிருங்கள். தரைத்தளத்தில் இருப்பவர்கள் உயரத்தையும் கணக்கிட வேண்டும். 2015 டிசம்பரில் சென்னையிலும் 2023 டிசம்பரில் சென்னை, தூத்துக்குடி, திருநெல்வேலிப் பகுதிகளிலும் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்ததை மறக்க முடியாது. தீத்தடுப்புப் பெட்டகம் என்பதால் தண்ணீர் புகாது என்று நம்பிவிடக் கூடாது. அதற்குத் தனிச்சோதனை வேண்டும். மரத்தாங்கியின்மேல் தூக்கி வைத்தால் பிணைப்பு பலவீனமாகிவிடும். கம்பி கட்டிய கான்கிரீட் மேடை போட்டு அதில் பிணையுங்கள். முதல் மாடி இருந்தால் அங்கேயே வைத்துவிடலாம்.

ஆறாம் படி: ஈரம்

சென்னையிலும் கடலோர மாவட்டங்களிலும் காற்றின் ஈரப்பதம் ஆண்டின் பெரும்பகுதி 70 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. செப்புக்காசில் ஏற்கெனவே குளோரைடு உப்பு புதைந்திருந்தால், ஈரப்பதம் 42 சதவீதம் தாண்டியதிலிருந்து அது விழித்துக்கொள்ளும். ஆற்றுமணலிலும் மண்ணிலும் கிடந்து வந்த சங்ககாலச் செப்புக்காசுகளுக்கு இந்த ஆபத்து மிக அதிகம். முதலில் வெளிர்பச்சையாக, மாவு போல ஒரு புள்ளி தெரியும். குச்சியால் தொட்டால் உதிர்ந்துவிடும், கீழே சிறு குழி இருக்கும். சில நாளில் அதே இடத்தில் மறுபடியும் பூக்கும். பழைய காசின் கெட்டியான, வழவழப்பான பச்சைப் படலம் வேறு. அது காசைக் காக்கும். உதிரும் பச்சையைக் கண்டால் அந்தக் காசை உடனே தனி டப்பாவுக்கு மாற்றுங்கள்.

பெட்டகத்துக்குள் 40 சதவீதத்துக்குக் கீழே வைத்திருப்பதே இலக்கு. அதற்கு ஒரு டிஜிட்டல் ஈரப்பதமானி வேண்டும். மலிவான மானிகள் பொய் சொல்லும் என்பதால் முதலில் அதைச் சோதிக்க வேண்டும். பாட்டில் மூடி ஒன்றில் சாதாரண உப்பை நிரப்பி, கரைந்து ஓடாமல் ஈரமணல் போலாகும்வரை சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். மூடியையும் மானியையும் காற்றுப்புகாத உறையில் போட்டு எட்டு மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதமாக நிலைத்துவிடும். அது உப்பின் இயல்பு. மானி 70 காட்டினால் அது ஐந்து குறைத்துச் சொல்கிறது. அந்த வித்தியாசத்தை ஒரு காகிதத்தில் எழுதி மானியின் முதுகில் ஒட்டிவிடுங்கள்.

அடுத்தது சிலிக்கா ஜெல். நிறம் மாறும் வகையை வாங்கினால் எப்போது காய வைப்பது என்று தெரியும். நீல நிற ஜெல்லில் இருப்பது கோபால்ட் குளோரைடு என்னும் நச்சு. ஆரஞ்சு நிறத்தில் தொடங்கிப் பச்சையாகும் வகை மேல். நிறம் மாறியதும் 120 டிகிரி ஓவனில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்து, மூடிய கண்ணாடிச் சாடியில் ஆறவிட்டு மறுபடி பயன்படுத்தலாம். உணவு சமைக்கும் ஓவனில் வேண்டாம்.

ஆனால் திருட்டுத் தடுப்புப் பெட்டகம் எதுவும் காற்றுப்புகாதது அல்ல. கதவிடுக்கு வழியே ஊரின் ஈரம் வந்துகொண்டே இருக்கும், ஜெல் வாரக்கணக்கில் நிறைந்துவிடும். இதற்கு எளிய தீர்வு, பெட்டகத்துக்குள் இன்னொரு அடுக்கு. ரப்பர் வளையத்துக்குப் பதில் சிலிக்கோன் வளையம் உள்ள, பாலிப்ரொப்பிலீனில் செய்த காற்றுப்புகாத டப்பாக்களை வாங்கி, உலோகவாரியாகக் காசுகளைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டலம் ஜெல் போடுங்கள். ஜெல் மாதக்கணக்கில் தாங்கும். நோய்ப்பட்ட ஒரு செப்புக்காசு மற்றவற்றோடு சேர்வதும் நின்றுவிடும். இந்த ஒரு ஏற்பாட்டைச் செய்துவிட்டால் பெட்டகத்தின் ஈரக்குறை பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது.

புதுப் பெட்டகத்தில் பெயின்ட், பசை, கான்கிரீட் ஈரம் எல்லாம் இருக்கும். கதவைத் திறந்து இரண்டு வாரமாவது காற்றாட விடுங்கள். மூக்கை உள்ளே விட்டுப் பார்த்து வாடை அடித்தால் இன்னும் ஒரு வாரம்.

உள்ளே என்ன வைக்கக் கூடாது

- பாச்சை உருண்டை. நம் பீரோக்களில் பழக்கத்தால் போட்டுவிடுகிறோம். பல உருண்டைகளில் குளோரின் சேர்மம் உண்டு. அதன் ஆவி பிளாஸ்டிக்கையும் கெடுக்கும்.
- ரப்பர் பேண்டு, ரப்பர் விரிப்பு. இவற்றில் கந்தகம் இருக்கிறது. ரப்பர் பேண்டு சுற்றிய வெள்ளி ரூபாயில் பட்டை போட்டதுபோலக் கறுப்புக் கோடு விழும், போகாது.
- கம்பளித்துணி, நகைக்கடை வெல்வெட் பை, செய்தித்தாள், சாதாரண அட்டை.
- மரப்பெட்டி. மரத்தின் அமில ஆவி ஈயக் காசை வெள்ளைப் பொடியாக்கும்.
- பி.வி.சி. உறைகள். நாளடைவில் காசில் பிசுபிசுப்பான பச்சைப் பூச்சு ஏறும்.

உறை பி.வி.சி.தானா என்று சந்தேகம் வந்தால் ஒரு செம்புக் கம்பியைத் திறந்த வெளியில் சுடரில் காய்ச்சி, உறையின் ஓரத்தில் தொட்டு, மறுபடி சுடரில் காட்டுங்கள். சுடர் பச்சையாக எரிந்தால் குளோரின் இருக்கிறது, அந்த உறையைத் தூக்கி எறியுங்கள். பாலியெஸ்டர் உறைகளும் நல்ல கேப்ஸ்யூல்களும் பாதுகாப்பானவை.

காப்பீடும் இரகசியமும்

வீட்டுக் காப்பீட்டுப் பத்திரங்களில் விலக்குப் பட்டியலைப் படியுங்கள். தனியாகக் குறிப்பிட்டாலொழிய நாணயங்களும் அஞ்சல்தலைகளும் விலக்கப்படுவது வழக்கம். பட்டியலையும் மதிப்பீட்டையும் கொடுத்து எழுத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். நூறாண்டு பழமையான காசு 1972-ம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. காசு எப்படி வந்தது என்பதற்கான பில்லைப் பத்திரமாக வைப்பது இதற்காகவும்தான்.

பெட்டகம் வந்த அட்டைப்பெட்டியை வாசலில் போடாதீர்கள். பொருத்த வருபவரிடம் உள்ளே என்ன வைக்கப்போகிறீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. சேகரிப்பின் படங்களை இணையத்தில் போடும்போது அறையும் ஜன்னலும் பின்னணியில் தெரியாதபடி எடுங்கள்.

வீட்டில் ஒருவருக்காவது பெட்டகம் திறக்கத் தெரிந்திருக்க வேண்டும். எண்ணை எழுதி ஒட்டிய உறையில் வைத்து, பட்டியலின் ஒரு நகலோடு வங்கி லாக்கரில் போடுங்கள். பட்டியலில் எது விற்கத்தக்கது, எதை அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாம், எந்தக் காசைத் தேய்த்துக் கழுவவே கூடாது என்று நான்கு வரி எழுதி வையுங்கள். வாரிசுகள் முதலில் செய்வது புளி போட்டுத் துலக்குவதுதான்.